திரையில் நாடி பிடிப்பவர்

நாடி பார்க்க நோயாளியின் கை வேண்டும் என்பது பழைய காலத்து வைத்தியர்களின் பலவீனம். இன்று நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கும் ஓர் உயர்ந்த இனத்துக்கு அதெல்லாம் தேவைப்படுவதில்லை. நோயாளி ஒரு தலைவராக இருக்க வேண்டும்; அவர் எங்கோ ஒரு மேடையில் ஏறி ஏதோ பேச வேண்டும்; அதை யாரோ படம் பிடித்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். நம் ஆள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, கைப்பேசியை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்தபடி தலைவரின் மூளைக்குள் இறங்கிவிடுவார். வெளியே வரும்போது கையில் நோயின் பெயர் இருக்கும்.

இவர்களுக்குத் திரைநாடி வைத்தியர்கள் என்று பெயர் சூட்டியிருக்கிறேன். வாசகரே, இவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். முடிவெட்டும் கடையில் பக்கத்து நாற்காலியில் கழுத்தைத் திருப்பித் திருப்பி, கத்தரிக்குப் பயப்படாமல் பேசிக்கொண்டிருந்தவர் இவர்தான். துக்கம் விசாரிக்க வந்த இடத்தில், போனவரைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசிவிட்டு, இன்னும் போகாத தலைவரைப் பற்றி அரை மணி நேரம் பேசியவரும் இவர்தான்.

மருத்துவம் படித்தவரா என்கிறீர்களா? அந்தப் படிப்பு இருந்தால் இந்தத் தொழில் வராது. அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது, பிறகு வரவழைக்கிறேன்.

பொதுவாகவே பேசிக்கொண்டு போனால், யாரையோ மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறான் என்பீர்கள். ஆமாம், என் சகலையைத்தான் மனதில் வைத்திருக்கிறேன். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. மோதி நசுங்கிய வண்டிகளின் புகைப்படங்கள் அவர் மேசைக்கு வரும். வண்டியைப் பார்க்காமல், ஓட்டியவரைப் பார்க்காமல், புகைப்படத்தை மட்டும் பார்த்து, “இது மரத்துல மோதின நசுங்கல் இல்ல, இவனே சுத்தியால அடிச்சது” என்று எழுதி அனுப்புவார். பல சமயம் சரியாகவும் இருக்கும். வினையே அங்கேதான் ஆரம்பித்தது. பம்பரை வைத்து மனிதனைச் சொல்லத் தெரிந்தவருக்கு, முகத்தை வைத்து மூளையைச் சொல்வது எம்மாத்திரம்?

அவருடைய சிகிச்சை முறை எளியது. தலைவர் பேசுகிற படத்தை ஓட விடுவார். திடீரென்று கட்டை விரலால் நிறுத்துவார். “கண்ணைப் பாருங்க” என்பார். பார்ப்போம். தலைவரின் ஒரு கண் பாதி மூடியிருக்கும், வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கும், கை எதையோ பிடிக்கப் போய் மறந்துபோனதுபோல அந்தரத்தில் நிற்கும். “பாத்தீங்களா? ஆரம்பக் கட்டம். நான் சொல்லல, சயின்ஸ் சொல்லுது.” எந்த மனிதனையும் பேச்சு நடுவில் நிறுத்திப் பார்த்தால் அப்படித்தான் இருப்பான் என்று சயின்ஸ் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. நீங்களும் நானும் கொட்டாவிக்கும் தும்மலுக்கும் இடையில் மாட்டிக்கொண்டால், பார்க்கிறவர்கள் ஆம்புலன்ஸைத்தான் கூப்பிடுவார்கள்.

தலைவர் பேச்சில் சற்று நிறுத்தினால் மறதி. நிறுத்தாமல் பேசினால் படபடப்பு. படியிறங்கும்போது கம்பியைப் பிடித்தால் தள்ளாட்டம். பிடிக்காவிட்டால் ஆபத்தை உணரும் சக்தி போய்விட்டது. சிரித்தால் காரணமில்லாமல் சிரிக்கிறார். சிரிக்காவிட்டால் அதற்குத் தனியாக ஒரு நோய் உண்டு, அதன் பெயரை உச்சரிக்க சகலைக்கே இரண்டு முயற்சி வேண்டும். இந்த வலையில் விழாமல் தப்பிக்கத் தலைவருக்கு ஒரே வழிதான் இருக்கிறது. சகலையின் கட்சியில் சேர்ந்துவிட வேண்டும்.

ஏனென்றால் இந்த வைத்தியத்தில் பத்தியமும் உண்டு. சொந்தக் கட்சித் தலைவரைத் தொடக்கூடாது. அந்த வேலையைச் செய்ய எதிர்முகாமில் இன்னொரு வைத்தியர் இருப்பார். எங்கள் குடும்பத்தில் அவர் என் மைத்துனர். என் மனைவிக்கு அண்ணன், அவள் அக்காவுக்குத் தம்பி. அதனால் அக்காள் கணவரான சகலையை “மாமா” என்று கூப்பிடுவார். கூப்பிடுவதில் மரியாதை இருக்கும். பிறகு வருவதில் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியார் வீட்டில் எல்லோரும் கூடுவோம். கீழே அவருடைய டைல்ஸ் கடை, மேலே வீடு. சோபாவின் இந்த முனையில் சகலை, அந்த முனையில் மைத்துனர். நடுவில் நான், வேறு இடமில்லாததால்.

“மச்சான், நேத்து உங்க ஆளு பேசினதப் பாத்தீங்களா? போன ஊரோட பேரே வரல. வாய் வரைக்கும் வந்து நிக்குது, வெளிய வர மாட்டேங்குது” என்பார் சகலை.

“அது யோசிச்சுப் பேசறது மாமா. உங்களுக்குப் பழக்கமில்லாததால வித்தியாசமா தெரியுது. உங்க ஆளு இருக்காரே, அவரு அன்னைக்கு ஒரு ஊர்ல போய் வேற ஊர் பேரச் சொன்னாரு.”

“அது கூட்டத்த டெஸ்ட் பண்றதுக்குச் சொன்னது.”

“ஓஹோ.”

“கூட்டம் கவனிக்குதான்னு பாக்கறாரு. அது புத்திக்கூர்மை.”

ஒரே மறதி, இந்தப் பக்கம் நின்றால் நோய், அந்தப் பக்கம் நின்றால் ஞானம்.

இப்போது சாட்சி வரலாம். ஒரு ஞாயிறு காலை கடையில் இருந்தோம். மருத்துவமனையில் மனநலப் பிரிவில் இருக்கும் ஒரு டாக்டரம்மா, தன் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் பார்க்க வந்திருந்தார். மாமியார் அவருக்குச் சாம்பல் நிறத்தில் நாலு வகை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் என்று தெரிந்ததும் சகலையின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே. தொழில்காரரைத் தொழில்காரர் சந்தித்துவிட்டார் அல்லவா.

“டாக்டர், ஒரே நிமிஷம். இந்த வீடியோவப் பாருங்க. இந்த எடம். கண்ணைப் பாருங்க. இது எந்தக் கட்டம்?”

“எந்தக் கட்டமும் இல்ல. நான் அவரைப் பாத்ததில்லையே.”

“இப்ப பாத்துக்கிட்டுதானே இருக்கீங்க?”

“இது படம் சார். ஆளு வரணும். நான் உக்காந்து பேசணும், வீட்ல இருக்கறவங்கள விசாரிக்கணும், பரிசோதனை பண்ணணும். அதுக்கப்புறமும் உங்ககிட்ட சொல்ல மாட்டேன்.”

மைத்துனர் உற்சாகமாக முன்னால் வந்தார். “கரெக்டா சொன்னீங்க. அப்ப அந்த இன்னொரு தலைவரப் பத்திச் சொல்லுங்க, அவருக்கு உண்மையிலேயே…”

“அவரையும் பாத்ததில்ல.”

சகலை விடவில்லை. “நாட்டையே அவர் கையில குடுத்திருக்கோம். புத்தி சரியா இருக்கான்னு நாங்க கேக்கவே கூடாதா?”

அது நியாயமான கேள்விதான். டாக்டரம்மாவும் அதை நியாயமாகவே எடுத்துக்கொண்டார். “நல்லா கேளுங்க. என்ன உத்தரவு போட்டாரு, சொன்னதச் செஞ்சாரான்னு கேளுங்க. முழுசா பரிசோதிச்சு ரிப்போர்ட்ட வெளியிடணும்னு கேளுங்க. அதுக்கெல்லாம் உங்களுக்கு உரிமை இருக்கு. நோய்க்குப் பேர் வைக்கறத மட்டும் எங்களுக்கு விட்டுடுங்க.” பிறகு மாமியாரிடம் திரும்பி, “இதுல ஈரத்துல வழுக்காதது எது?” என்றார்.

அவர் போனதும் இரண்டு வைத்தியர்களும் கூடி ஆலோசித்தார்கள். “படிப்பு இருக்கு, கூர்மை இல்ல” என்றார் சகலை. “பயப்படறாங்க. ரெண்டு கட்சிக்காரங்களும் வைத்தியத்துக்கு வரணும்ல” என்றார் மைத்துனர். பிறகு டாக்டரம்மாவின் கண்களைப் பற்றிச் சிறிது பேசினார்கள். அவர் சிமிட்டியதில் ஏதோ இருந்ததாம்.

சரி, விளையாட்டுதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தலைவர்கள் இருவரும் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போனார்கள். மேடை இல்லை, பேட்டி இல்லை, படியிறங்கும் காட்சிகூட இல்லை. திரைநாடி வைத்தியனுக்கு அது பஞ்ச காலம். இந்த நேரம் பார்த்து, கடையிலிருந்து ஒரு பெட்டி குழாய்கள் காணாமல் போயின. மைத்துனர் கடையில் கேமரா மாட்டினார். படம் குடும்பத்தார் எல்லோருடைய கைப்பேசியிலும் தெரியும்படி செய்தார். சத்தம் வராது, படம் மட்டும். குழாய் திருடியவன் அதற்குப் பிறகு வரவே இல்லை. ஆனால் திரையில் நாள் முழுக்க ஒருவர் தெரிந்தார்: எங்கள் மாமியார்.

மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமனார் சிமென்ட் விற்றுத் தோற்ற அதே இடத்தில் டைல்ஸ் விற்று ஜெயித்தவர். கடைச் சாவி எப்போதும் இடுப்பில். கல்லாவுக்குப் பின்னால் ஒரு மர நாற்காலி. காய்ச்சல் வந்தாலும் அதில் உட்கார்ந்துதான் வரவேண்டும். “அதுல உக்காரலேன்னா எனக்குச் சோறு எறங்காது” என்பார். அப்படிப்பட்டவரை சகலை, அலுவலகத்தில் உணவு இடைவேளைதோறும், நசுங்கிய பம்பர்களை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுப் பார்க்க ஆரம்பித்தார்.

முதல் அறிகுறி: அத்தை கூரையைப் பார்த்துப் பேசுகிறார். கையை உயர்த்தித் திட்டுகிறார். எதிரே யாருமில்லை.

இரண்டாவது: ஒரு டைலை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போகிறார். அதை இரண்டு கைகளாலும் உயர்த்தி வானத்துக்குக் காட்டுகிறார். உள்ளே வருகிறார். பார்க்க அதே மாதிரி இருக்கும் இன்னொன்றை எடுத்துக்கொண்டு போய் அதையும் காட்டுகிறார்.

மூன்றாவது: வாடிக்கையாளர் ஏதோ கேட்கிறார். அத்தை பதில் சொல்லாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

குடும்பக் குழுவில் படத்துணுக்குகள் வந்து விழுந்தன. கீழே இரண்டே சொற்கள்: ஆரம்பக் கட்டம்.

மைத்துனர் கொதித்தார். “எங்கம்மாவயா சொல்றீங்க?” என்று சகலையைப் போனில் பிடித்துக் கத்தினார். பிறகு தானும் கேமராவைத் திறந்து பார்த்தார். ஒரு வாரத்தில் அவரே மூன்று துணுக்குகள் அனுப்பினார். நாட்டின் இரு பெரும் கட்சிகளும் கைகோத்த அபூர்வ நிகழ்ச்சி எங்கள் குடும்பக் குழுவில்தான் நடந்தது என்பதைச் சரித்திரம் குறித்துக்கொள்ளட்டும்.

அவர் இதைப் பார்த்த இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மைத்துனர் இருப்பது கடைக்கு மேல்மாடியில். கட்டிலில் சாய்ந்து, தனக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும் தாயைக் கைப்பேசியில் கவனித்துக்கொண்டிருந்தார்.

“கீழ எறங்கிப் போய், என்னம்மா பண்றேன்னு கேட்டா என்ன?” என்றாள் என் மனைவி.

“கேட்டா அம்மா சுதாரிச்சுடுவாங்கடி. இயல்பா இருக்கறப்பதான் பாக்கணும்.”

“அம்மா என்ன மானா, மறைஞ்சிருந்து பாக்க?”

“உனக்குப் புரியாது. மாமாகிட்ட கேளு.”

அடுத்த ஞாயிறு மதியம், மாமியார் கீழே ஷட்டரை இறக்குவதற்குள் மேலே கூட்டம் கூடிவிட்டது. சகலை கைப்பேசியைப் பெரிய டிவியோடு இணைத்துத் துணுக்குகளைப் போட்டுக் காட்டினார். அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தைக்கு இனி ஓய்வு என்று ஏகமனதாக முடிவாயிற்று. பிறகு, நாற்காலியில் யார் உட்காருவது என்ற சிறிய விஷயம் பாக்கியிருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் தொண்டையைச் செருமினார்கள்.

“எனக்கு ஆபீஸ் வேலையே தலைக்கு மேல இருக்கு. ஆனா குடும்பம்னு வந்துட்டா…” என்றார் சகலை.

“உங்களுக்கு எதுக்கு மாமா கஷ்டம், வீட்டோட நான் இருக்கேன்ல?”

“நீங்க வியாபாரத்துல கொஞ்சம் அவசரப்படுவீங்க மச்சான். அதுவும் ஒரு மாதிரி…”

“ஒரு மாதிரின்னா?”

கூட்டணி அந்த இடத்தில் முறிந்தது. அந்த நேரத்தில்தான் மாமியார் படியேறி வந்து வாசலில் நின்றார். டிவியில், நின்றுபோன படத்தில், ஒரு வயதான அம்மாள் ஒரு டைலை வானத்துக்கு உயர்த்திப் பிடித்திருந்தார்.

“யாரு, நானா? முதுகு இவ்வளவா கூனிப்போச்சு?”

சகலைதான் எழுந்தார். பயந்தவரில்லை அவர். “அத்தை, தப்பா நினைக்காதீங்க. இப்படிக் காட்டிக்கிட்டு நிக்கறீங்களே, எதுக்குன்னு ஞாபகம் இருக்கா?”

மாமியார் அவரை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். “கடைக்குள்ள டியூப்லைட் மாப்பிள்ளை. ஒரே நம்பர் டைல்ஸா இருந்தாலும், போன தடவை வந்த சரக்குக்கும் இந்தத் தடவை வந்த சரக்குக்கும் நிறம் லேசா மாறும். வெயில்ல பிடிச்சாத்தான் தெரியும். கலந்து ஒட்டிட்டா தரையெல்லாம் தேமல் விழுந்த மாதிரி இருக்கும், அப்புறம் அவங்க வந்து என் கழுத்தப் பிடிப்பாங்க. கடை தொறந்த நாள்லேருந்து அப்படித்தான் பாக்கறேன்.”

“அப்ப கூரையப் பாத்துப் பேசறது?”

“பரண்ல நின்னு பெட்டி எறக்கறவன்கிட்ட பேசறேன். அவனைப் பாக்காம உங்களப் பாத்தா பேசறது?”

என் மனைவி சிரித்துவிட்டாள். சகலைக்கு இன்னும் ஓர் அம்பு பாக்கியிருந்தது. மூன்றாவது துணுக்கை ஓட விட்டார். கல்லாவின் இடது பக்கம் ஒருவர் நின்று வாயசைக்கிறார். மாமியார் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் மறுபடி வாயசைக்கிறார். மாமியார் அசையவில்லை. அவர் போய்விடுகிறார்.

“இவரு யாரு?” என்றார் மாமியார். குரல் தாழ்ந்திருந்தது. “இவரு வந்து எதுவும் கேக்கலையே.”

“ரெண்டு தடவ கேட்டாரு அத்தை.”

மாமியார் பக்கத்தில் கிடந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. அதுவரை வேடிக்கையாக இருந்த அறை சட்டென்று வேறு மாதிரி ஆகிவிட்டது. மைத்துனர் டிவியை அணைத்தார்.

“எனக்குப் புத்தி தப்பிப் போச்சுன்னா இந்தச் சாவிய நானே குடுத்துடறேன். யாரும் பிடுங்க வேணாம். ஆனா அந்தப் பொட்டியப் பாத்துச் சொல்லாதீங்க. டைல்ஸ் வாங்கிட்டுப் போனாங்களே, அந்த டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போங்க. என்னை எதிர்ல உக்கார வெச்சு அவங்க கேக்கட்டும்.”

கூட்டிக்கொண்டு போனோம். டாக்டரம்மா கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் பேசினார். மகள்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். மாமியார் டாக்டரம்மாவின் குளியலறை அளவையும் டைல்ஸ் நம்பரையும் சொல்லி, “மூலையில ஒண்ணு பேந்திருக்குமே, மாத்தினீங்களா?” என்று கேட்டாராம். கடைசியில் மாமியாரே எங்களை உள்ளே கூப்பிடச் சொன்னார். எல்லோரும் கேட்கட்டும் என்றாராம்.

“ஞாபகம், கணக்கு, நிதானம் எல்லாம் நல்லா இருக்கு. இடது காதுதான் சரியா கேக்கல. காது டாக்டருக்கு எழுதித் தர்றேன்” என்றார் டாக்டரம்மா. பிறகு எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்தார். “இவ்வளவு பேர் கூட இருக்கீங்க. இந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டா அவங்க திரும்பறதில்லன்னு யாரும் கவனிக்கலையா?”

எப்படிக் கவனிப்போம்? கேமராவில் சத்தம் வராதே.

இப்போது கல்லாவைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் வலது பக்கமாக வந்து நிற்கும்படி. நாற்காலி ஓரடி நகர்ந்திருக்கிறது. அதில் மாமியார் இருக்கிறார். சாவி இடுப்பில் இருக்கிறது. கேமராவும் இருக்கிறது, அதன் மேல் மாமியார் ஒரு பழைய துணியைப் போர்த்தியிருக்கிறார்.

சகலை வெட்கப்பட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்துக்கு அந்த உறுப்பு கிடையாது. வீடு திரும்பும்போதே, “நான் அப்பவே சொன்னேன், ஏதோ ஒண்ணு இருக்குன்னு. காதும் தலையிலதானே இருக்கு?” என்றார். அந்த மாதமே மைத்துனரின் தலைவர் ஓய்விலிருந்து திரும்பினார். விமான நிலையத்தில் நிருபர் ஒருவர் ஏதோ கேட்க, தலைவர் பதில் சொல்லாமல் நடந்தார். சகலை கட்டை விரலால் படத்தை நிறுத்தினார். பிறகு, புதிய கண்டத்தைக் கண்டுபிடித்த மாலுமியின் பரவசத்தோடு சொன்னார்:

“காது. இடது காது.”

“அது காது கேக்காததில்ல மாமா, காதுல போட்டுக்காதது. உங்க ஆளுக்குத்தான் ரெண்டுமே போச்சு” என்றார் மைத்துனர். குடும்பத்தில் ஆரோக்கியம் திரும்பிவிட்டது.

வாசகரே, நன்றாகச் சிரித்தீர்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். கட்டுரையின் பாதியிலேயே என் சகலைக்கு என்ன கோளாறு என்று முடிவு கட்டிவிட்டீர்கள் அல்லவா? மாமியார் கடை மேல் கண். அலுவலகத்தில் மதிப்பில்லாத ஆள், அதனால் வீட்டில் பெரிய மனிதர் வேஷம். சின்ன வயதில் யாரோ அதட்டி வளர்த்திருக்க வேண்டும். உங்களில் சிலர் அதற்கு நல்ல பெயராக ஒன்றும் வைத்திருப்பீர்கள். நீங்கள் அவரை எங்கே பார்த்தீர்கள்? நான் காட்டியதைப் பார்த்தீர்கள். வேண்டிய இடத்தில் நிறுத்தினேன், வேண்டாத இடத்தில் சத்தத்தை அணைத்தேன். டாக்டரம்மாவின் அறை வாசலில், அத்தை வெளியே வரும்வரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றவர் அவர் ஒருவர்தான். அத்தை வந்ததும் குனிந்து செருப்பை எடுத்து அவர் காலருகே திருப்பி வைத்தார். அதை நான் படம் பிடிக்கவில்லை. கட்டுரையின் வேகம் கெட்டுவிடும்.

நேரில் பார்த்து முடிவு செய்ய விரும்பினால் எந்த ஞாயிறும் வரலாம். சோபாவின் நடுவில் எனக்குப் பதிலாக உட்காரலாம், எனக்கும் ஓய்வு கிடைக்கும். ஆனால் நீங்கள் வர மாட்டீர்கள். எதற்கு அலைச்சல்? உங்களுக்குத்தான் ஏற்கனவே தெரிந்துவிட்டதே.